விற்பது குட்டி... வளர்ந்தபின் யார் பொறுப்பு?

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அதே ஊரில் இன்று ‘வாஸ்து ஆமை’ என்று உயிருள்ள ஆமைக்குஞ்சைக் கண்ணாடிக் கிண்ணத்தோடு சேர்த்து விற்கிறார்கள். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் குங்குமத் தீற்றல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடம்பு. குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. “எவ்வளவு பெருசாகும்?” என்று அப்பா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார். “தொட்டிக்குத் தக்கதான் சார் வளரும்” என்று பதில் வருகிறது. வியாபாரம் முடிந்தது.

வளர்ப்புப் பிராணி விற்பனையில் இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதலை வேறெதுவும் செய்திருக்காது. தொட்டி சின்னது என்பதற்காக எந்த உயிரும் ஆரோக்கியமாகச் சின்னதாக இருந்துவிடாது. ஒன்று, வளர்ந்து தொட்டியை மீறும். இல்லையென்றால் நோயில் குன்றிப்போய், வளராமலே சாகும். இரண்டாவது நடக்கும்போதும் ‘பார்த்தீங்களா, பெருசாகல’ என்று அதையே சாட்சியாகக் காட்டுவார்கள்.

சிவப்புக் காது ஆமை என்று நாம் அழைக்கும் அந்த உயிர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. பெண் ஆமை ஓரடி நீளம் வரை வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கு வாங்கித் தந்த ஆமை, அவள் கல்யாணத்தின்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்று கணக்கு. அதுவரை அதற்கு நீந்தப் பெரிய தொட்டி வேண்டும். ஏறி உட்கார்ந்து உடம்பைக் காயவைக்க மேடு வேண்டும். வெயில் வேண்டும், ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் முக்கியமான பகுதியைத் தடுத்துவிடும் என்பதால் நேர் வெயிலோ அதற்கான தனி விளக்கோ வேண்டும். இது கிடைக்காத ஆமைக்குச் சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேராது. ஓடு மெல்ல இளகும். விரலால் அழுத்தினால் ஊறவைத்த தோல் செருப்பு மாதிரி உள்ளே போகும்.

கடையில் சேர்த்துக் கொடுக்கும் காய்ந்த இறால் டப்பாவை மட்டுமே நம்பி வளரும் ஆமைக்கு வேறொரு வியாதி வரும். வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கி, கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை இரை தேடாது. வீட்டில் இருப்பவர்கள் ‘தூங்குது’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிழைத்து வளர்ந்துவிட்டாலும் பிரச்னை தீராது. அன்னாடம் தண்ணீர் மாற்ற வேண்டும், நாற்றம் வேறு, கையைக் கொண்டுபோனால் கடிக்கிறது. ஒரு நாள் பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கோயில் குளத்தில் விடுகிறார்கள், புண்ணியம் என்று நினைத்து. குவாஹாட்டியின் உக்ரதாரா கோயில் குளத்தில் இந்த ஆமைகள் இருப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கேரளத்தில், பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொதுமக்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இந்தக் குட்டி ஆமைக்கும் இடம் உண்டு. வெயில் காயும் பாறையை, இரையை, முட்டையிடும் கரையை எல்லாம் நம்மூர் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

மற்ற நாடுகள் இதை முன்பே அனுபவித்துவிட்டன. குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்று பரவுவதால், நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்கு விற்க 1975-லேயே அமெரிக்கா தடை போட்டது. ‘நிஞ்சா டர்ட்டில்ஸ்’ மோகத்தில் பிரிட்டன் பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஆமைகள் சில வருடங்களில் பூங்காக் குளங்களுக்கு வந்து சேர்ந்தன. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியையே நிறுத்தியது. நம் பக்கமோ, சென்னை, திருச்சி விமான நிலையங்களில் மலேசியா, தாய்லாந்திலிருந்து வரும் பெட்டிகளில் இதே குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பிடிபடுகின்றன. பிடிபடுவது இவ்வளவு என்றால், கடைக்கு வந்து சேர்வது எவ்வளவு இருக்கும்?

அன்றே தொட்டி, அன்றே மீன்

சட்டவிரோதம் எதுவும் இல்லாத, ஊரே வாங்குகிற தங்கமீனை எடுத்துக்கொள்வோம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே மீனைப் பற்றிக் கல்லூரி ஆசிரியர்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தெரிந்த பழைய ஆட்கள் இருக்கிறார்கள். ‘இந்த அளவு தொட்டிக்கு இந்த மீன் வேண்டாம்’ என்று சொல்லி வியாபாரத்தையே விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையின் கோபம் அவர்கள் மேல் இல்லை.

கோபம், உருண்டைக் கிண்ணம் விற்பவர்கள் மேல். கிண்ணம், கலர் கல், பிளாஸ்டிக் செடி, இரண்டு தங்கமீன், ஒரு டப்பா தீனி என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒரே நாளில் கொடுத்து அனுப்புகிறார்கள். நாலாம் நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. ஏழாம் நாள் மிதக்கிறது. ‘கைராசி இல்லை’ என்று வீட்டில் முடிவுகட்டுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். குளத்தில் சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆகவும், வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட் ஆகவும் மாற்றிவிடும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். புதுத் தொட்டியில், புதுத் தண்ணீரில் அந்த பாக்டீரியாக்களே கிடையாது. அவை பெருகி வேலையை எடுத்துக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே முதலில் தொட்டி, பில்டர். சில வாரம் கழித்து மீன் என்பதுதான் முறை. இது மீன் விற்பவர் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால், ‘இன்னைக்குத் தொட்டி எடுத்துட்டுப் போங்க, அடுத்த மாசம் மீனுக்கு வாங்க’ என்று சொன்னால், வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பதும் தெரியும்.

தங்கமீன் நல்ல இடம் கிடைத்தால் முக்கால் அடி, அதற்கு மேலும் வளரும். பத்து, பதினைந்து வருடம் வாழும். நம்மில் பெரும்பாலானோர் அதை ஒரு வார ஆயுள் உள்ள பொம்மையாகத்தான் அறிந்திருக்கிறோம்.

இன்னொரு பக்கம், சாகாமல் வளர்ந்துவிடுகிற மீன்கள். அமேசான் ஆற்றின் அரபைமா ஆறேழு அடி சர்வ சாதாரணமாக வளரும் ராட்சத மீன். கடையில் அது விரல் நீளக் குஞ்சு. 2018 கேரள வெள்ளத்தில் பண்ணைகளிலும் வீட்டுக் குளங்களிலும் இருந்த வெளிநாட்டு மீன்கள் அடித்துக்கொண்டு போனபோது, சாலக்குடி ஆற்றுப் பக்கம் வலைவீசியவர்களுக்கு அரபைமாவும் முதலை வாய் கொண்ட அலிகேட்டர் காரும் அகப்பட்டன. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியைச் சுத்தம் செய்தபோது அங்கேயும் ஒரு அலிகேட்டர் கார். அமெரிக்காவின் தென்பகுதி ஆற்று மீன் காஷ்மீரத்து ஏரிக்குத் தானாக நீந்தி வந்திருக்காது.

இவற்றையெல்லாம்விட அமைதியாக ஊரைப் பிடித்துக்கொண்டது ‘டேங்க் கிளீனர்’. பாசியைத் தின்று தொட்டியைத் துடைத்து வைக்கும் என்று சொல்லி, தங்கமீனோடு கொசுறு மாதிரி விற்கும் கறுப்பு மீன். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஒன்றரை அடி வரை வளரும். கவசம் போட்ட உடம்பு. தொட்டியைவிடப் பெரிதானதும் ஏரிக்குப் போகிறது. கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. வலையில் விழுந்தால் முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது. கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்து மீன் பண்ணைகளில் தொடங்கி, நம் ஊர் ஏரிகள் வரை மீனவர்கள் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள். விற்கவும் முடியாது, சமைக்கவும் ஆளில்லை. வலையைத் தைக்கிற செலவு அவர்களுடையது. லாபம் எப்போதோ எந்தக் கடையிலோ போய்ச் சேர்ந்துவிட்டது.

‘ஜோடியா வாங்கிக்கங்க சார்’

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, செடி, துணி எல்லாம் தாண்டிப் போனால் பிராணிகள் வரிசை வரும். வெயில் ஏறிய நேரத்தில் முயல் கூண்டுகளைப் பார்த்தாலே போதும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, காதுகள் தொங்க, பக்கவாட்டில் வயிறு வேகமாக ஏறி இறங்கும். முயலுக்கு வியர்க்காது. காதின் ரத்தக்குழாய் வழியாகத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்ற முடியும். சென்னையின் கத்திரி வெயிலில், தகரக் கூரை மொட்டை மாடியில் கூண்டு வைத்தால் ஒரு மதியம் போதும்.

‘கேரட் போடுங்க, போதும்’ என்கிறார்கள். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். கேரட்டும் பிஸ்கட்டும் தின்கிற முயலுக்குப் பல் நீண்டு கன்னத்தைக் கிழிக்கும். குடல் ஓட்டம் நின்றுபோகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத முயல் என்றால் அது அவசர சிகிச்சைக்குரிய நோயாளி. ஆனால் அது சத்தம் போடாது, முனகாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

‘ஜோடி’ இன்னொரு வில்லங்கம். குட்டி முயலில் ஆண், பெண் பார்ப்பது விற்பவருக்கே தடுமாற்றம். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் 31 நாளில் பிரசவம். ஈன்ற கையோடு மறுபடி சினையாகலாம். சில மாதங்களில் அபார்ட்மென்ட் பால்கனியில் ஒரு பண்ணை. அந்தக் குட்டிகள் எங்கே போகும்? அதே சந்தைக்கு.

பள்ளிக்கூட வாசலிலும் கோயில் திருவிழாவிலும் விற்கும் கலர் கோழிக்குஞ்சைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கிய குஞ்சுகள். முட்டைக் கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் பண்ணைக்கு உபயோகமில்லாதவை: முட்டை போடாது, கறிக்கும் வளர்த்தி கிடையாது. அந்தக் கழிவுதான் சாயம் பூசி நம் பிள்ளைகள் கைக்கு வருகிறது. முதல் வாரம் தாய் இறக்கைக்குள் இருக்கும் சூடு, அதாவது 32 டிகிரிக்கு மேல், அதற்கு வேண்டும். அட்டைப்பெட்டியில் துணியைப் போட்டு மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். ஒரு பிள்ளை முதன்முதலில் கையில் ஏந்தும் உயிர் இப்படிச் சாவதற்கென்றே விற்கப்படுகிறது. இதைவிடக் கொடுமையான பொம்மை வியாபாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

மூக்கில்லா நாயும் ஓட இடமில்லா நாயும்

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய குட்டி நாயை மறந்திருக்க மாட்டீர்கள். பக் இனம். அந்த விளம்பரத்துக்குப் பிறகு நாடு முழுக்க பக் குட்டிகளுக்குக் கிராக்கி. அழகு என்று நாம் கொண்டாடிய சப்பை மூக்குதான் அதன் சாபம். நாய் வாயைத் திறந்து இரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. மூக்கும் தொண்டையும் ஒடுங்கிய பக்கால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. சென்னை மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு வாக்கிங் கூட்டிப்போனால் மயங்கி விழும். தூக்கத்தில் குறட்டை விடுவதைக் ‘க்யூட்’ என்று வீடியோ எடுத்துப் போடுகிறோம். அது மூச்சுக்குத் திணறும் சத்தம். கண்குழி ஆழமில்லாததால், சண்டையில் ஓர் அடி விழுந்தாலே கண் பிதுங்கி வந்துவிடும்.

ஹஸ்கி நேர் எதிர். சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க வளர்த்த, இரண்டு அடுக்கு ரோமம் கொண்ட நாய். வேளச்சேரி இரண்டு படுக்கையறை வீட்டில், ஏ.சி. ஓடும் ஓர் அறைக்குள் அடைத்து வைத்தால், ரோமம் ஒருவேளை தப்பிக்கும். ஓடப் பிறந்த கால் என்ன செய்யும்? சோபாவைக் கிழிக்கும்.

உடனே, ‘நாட்டு நாய் வாங்குங்க’ என்று ஒரு குரல் எழும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு பெருமைக்காக சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி, கேட்டில் இரண்டடிச் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கும் வீடுகளையும் பார்க்கிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்த வளர்த்த வேட்டை நாய்கள். தினமும் மூச்சு வாங்க ஓட இடமில்லாத வீட்டில், தமிழ் நாய் என்பதால் மட்டும் அதற்குச் சௌகரியம் வந்துவிடாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 23 நாய் இனங்களுக்கு உரிமம் தரக்கூடாது என்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை, சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துபேசாமல் பிறப்பித்தது என்று சொல்லி கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ‘இனத்தைத் தடை செய்’ என்பதும் ‘எந்த நாயும் கெட்ட நாய் இல்லை’ என்பதும் மாறி மாறி முழங்கின. ஐம்பது கிலோ எடை கொள்ளும் ஒரு நாயை அடக்கிப் பிடிக்கத் தெரியாதவரிடம் எதற்காக விற்கிறோம் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

கிளிக்குச் சட்டம், கடைக்கு?

நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்க்கவே கூடாது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் ஜோசியரை வனத்துறை பிடித்துப்போய்விட்டது. ஏழை ஜோசியரிடம் காட்டிய வேகத்தைக் கிளிக்குஞ்சு விற்கும் சந்தைகளிடமும் காட்டலாம்.

பச்சைக்கிளி கிடைக்காதவர்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கும் மக்காவுக்கும் போகிறார்கள். சாம்பல் கிளி 40, 50 வருடம் வாழும். அறிவு அபாரம். அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை சொல்லி உலகப் புகழ் பெற்றது. அவ்வளவு மூளையுள்ள பறவையை ஹால் மூலையில் கூண்டில் போட்டுவிட்டு, கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் போய்விட்டால், சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். நெஞ்சு மொட்டையான கிளியைக் கொண்டுவந்து ‘தோல் வியாதியா டாக்டர்?’ என்று கேட்பார்கள். ஐம்பது வயதுக்காரர் சாம்பல் கிளி வாங்கினால், கூடவே உயிலும் எழுதி வைக்க வேண்டும்.

வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பற்றி அரசிடம் நெடுங்காலம் கணக்கே இல்லை. 2020-ல் தாமாக முன்வந்து அறிவிக்க வாய்ப்பு தந்தார்கள். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பின், 2024-ல் வந்த விதிகளின்படி, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். கடைகளுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இல்லாமல் பிராணிக் கடை நடத்தக்கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக்கூடாது என்று 2017 விதி சொல்கிறது. உங்கள் தெருமுனைக் கடையில் அந்தப் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

இந்த விதிகள் பெரும்பாலும் கூண்டைப் பற்றிப் பேசுகின்றன. கூண்டைவிட்டு வெளியே போன பிறகு அந்த உயிர் போகும் வீட்டைப் பற்றிப் பேச இங்கே ஆளில்லை. இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவருக்குப் பிராணி விற்பது குற்றம். ஸ்விட்சர்லாந்தில் கினிப் பன்றியை ஒற்றையாக வளர்க்கவே கூடாது. பிரான்ஸில் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனையே கிடையாது.

எல்லாவற்றையும் தடை செய் என்று நான் சொல்ல மாட்டேன். தடை போட்டால் வியாபாரம் வாட்ஸ்அப் குழுவுக்கும் பார்சல் பஸ்ஸுக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். தவிர, ஒரு மீன்தொட்டி முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கவுன்ட்டரில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு அந்த உயிர் எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருடம் இருக்கும், எதனால் சாகும் என்று தெரியும். இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு பணம் வாங்குவதைத்தான் நாம் வியாபாரம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மருந்துக் கடையில் அட்டையின் மேல் எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லும் அரசு, கூண்டின் மேல் முழு வளர்ச்சிப் படத்தையும் ஆயுளையும் மாதச் செலவையும் ஒட்டச் சொல்லலாம். பணம் கட்டியதற்கும் எடுத்துப் போவதற்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி வைக்கலாம். முக்கியமாக, வளர்க்க முடியாமல் திரும்பக் கொண்டுவரும் உயிரை விற்றவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். முழுசாக வளர்ந்த ஆமை ஒரு டஜன் திரும்பி வந்த கடையில், பதிமூன்றாவது குஞ்சு விற்பனைக்கு இருக்காது.

அதுவரை, இப்போதே வீட்டில் சிவப்புக் காது ஆமை வைத்திருப்பவர்களுக்கு: குளம், ஏரி, கடல் எதிலும் விடாதீர்கள். வாங்கிய கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். மறுத்தால் வனத்துறை அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால், மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி, பாதித் தொட்டிக்கு நிழல், ஏறி உட்காரக் கல், கீரை, வாரம் ஒருமுறை கண்ணும் ஓடும் எப்படி இருக்கின்றன என்று ஒரு பார்வை. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் கட்டாயமாக.